ரிஜெக்ட் ஆன சாத்துக்குடி

"பார்ட் நம்ம கைக்கு வர்றப்பவே டிஃபெக்ட் மச்சான். சப்ளையர் சைடு மிஸ்டேக்!"

இளம்பரிதி சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த மைத்துனன் மோகன்தான் வாய்க்குக் கொண்டுபோன இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

பார்ட் என்றது ஆறு வயது மகளை. டிஃபெக்ட் என்றது போன வருஷம் அவளுக்கு வந்த சர்க்கரை நோயை. சப்ளையர் என்றது வாலாஜாபாத்தில் இருக்கும் மாமனார் வீட்டை.

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் அவன் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பழுதான பாகத்தில் சிவப்புச் சீட்டு ஒட்டி, அனுப்பியவன் பெயரை அதில் எழுதுவது வேலை. அந்தச் சீட்டை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான்.

"மாமாவுக்கு சுகர். உங்க பெரியம்மாவுக்கு சுகர். எங்க வூட்ல யாருக்குனா கீதா? நீயே சொல்லு."

மோகன் அக்காவைப் பார்த்தான். சந்திரலேகா சட்னியை ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"ஜீன் டெஸ்ட்னு ஒண்ணு கீதுப்பா. எடுத்தா எந்த சைடுன்னு புட்டுப் புட்டு வெச்சிடும். போலாம் வான்னா, உங்கக்கா ஒரு வருஷமா அப்புறம் அப்புறம்னு இழுத்துக்கினு கீறா. இன்னா அர்த்தம்? மடியில கனம்!"

மோகன் கை கழுவிக்கொண்டு கிளம்பினான். இளம்பரிதி ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு சாத்துக்குடியை எடுத்தான். பழக்கதோஷத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தோலெங்கும் பொடிப் பொடியாக ஓட்டை.

"பழம் பார்த்து வாங்கக்கூடத் தெரியல. பூச்சி குத்தினது. ரிஜெக்ட்!"

சாத்துக்குடி குப்பைக்கூடையில் விழுந்தது. சந்திரலேகா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை போலாங்க."

"எங்க?"

"டெஸ்ட்டுக்கு."

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். காலையும் ராத்திரியும் மகளுக்கு இன்சுலின் போடுவது அவன்தான். அதற்காகவே நைட் ஷிஃப்ட் வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தான். மைக்ரோமீட்டர் பிடித்த கை, இம்மி பிசகாது. சந்திரலேகாவோ ஊசியைக் கண்டாலே மயங்குகிறவள். மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்த முதல் நாளே நர்ஸ் மேல் சாய்ந்தவள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே தாம்பரத்து ஆஸ்பத்திரியில் டோக்கன். டிஃபனை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று மகளையும் கூட்டிப் போனார்கள்.

டாக்டர் ஷெர்லின் ஃபைலைப் புரட்டினார். "இந்த டெஸ்ட் ஏற்கெனவே எடுத்தாச்சே சார். பாப்பா அட்மிட் ஆனப்ப, ஆராய்ச்சிக்காக மூணு பேரும் ரத்தம் கொடுத்தீங்க. இதோ உங்க கையெழுத்து."

அவன் கையெழுத்துதான். ஷிஃப்ட்டுக்கு நேரமாயிற்று என்று படிக்காமல் போட்டது.

"சரி டாக்டர், எந்த சைடு?"

"உடம்புல எது நம்ம ஆளு, எது வெளியாளுன்னு அடையாளம் காட்டுற மரபணு இருக்கு. அதுல ஒரு வகை உங்க மனைவிகிட்டேருந்து வந்திருக்கு. இன்னொரு வகை உங்ககிட்டேருந்து."

"எங்கிட்டேருந்தா? மாமனாருக்குத்தானே டாக்டர் சுகர்?"

"அது வேற நோய். இது உடம்பே தன் இன்சுலின் செல்லை எதிரின்னு நினைச்சு அடிக்கிறது. இந்த ரெண்டு வகையும் தனித்தனியா இருந்தா ஆபத்து குறைவு. ஒரே குழந்தைகிட்ட சேர்ந்தா கூடும். அப்படிச் சேர்ந்தாலும் இருபதுல ஒரு குழந்தைக்கு வந்தாலே அதிகம். யார் மேலயும் தப்பில்ல."

தனித்தனியே அளந்தால் இரண்டு பார்ட்டும் ஓகே. சேர்த்து மாட்டினால்தான் இடிக்கும். லைனில் அவன் எத்தனை தடவை பார்த்திருக்கிறான்! அதற்காக எந்த சப்ளையருக்கும் சிவப்புச் சீட்டு ஒட்டியதில்லை.

"அடுத்த மாசமே ரிசல்ட் வந்துடுச்சே," என்றார் டாக்டர். "உங்க மனைவிக்கு உக்கார வெச்சு விளக்கினேன். சொல்லலையா?"

அவன் திரும்பினான். சந்திரலேகா மகளின் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கேன்டீனில் இட்லி வந்தது. இன்சுலின் பேனாவில் அளவைத் திருப்பிவிட்டு இளம்பரிதி மகள் முன்னால் குனிந்தான். கை நடுங்கியது. இன்னொரு கையால் பிடித்துப் பார்த்தான். அதுவும் நடுங்கியது.

"குடுங்க இப்படி."

சந்திரலேகா பேனாவை வாங்கினாள். மகளின் தொடைச் சதையை இரண்டு விரலால் பிடித்தாள். குத்தினாள். பத்து வரை எண்ணிவிட்டு எடுத்தாள்.

"வலிக்கவே இல்லம்மா," என்று மகள் இட்லித் தட்டை இழுத்துக்கொண்டாள்.

இளம்பரிதி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். "அத்தினி பேச்சு பேசினேனே லேகா... உன் தம்பி முன்னாடி கூட. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா இந்தக் கை போன வருஷமே நடுங்கியிருக்கும். அப்ப பாப்பாவுக்கு யாரு ஊசி போடுறது?"

பேனாவை மூடிப் பையில் வைத்தாள்.

"ரெண்டு மாசமா சாத்துக்குடியில குத்திக் குத்திப் பழகிட்டேன். மோகனுக்கு ஒரு போனைப் போட்டுட்டு, இனிமே நீங்க தாராளமா நடுங்குங்க."