சின்னப் பை

வேண்டுமென்றேதான் சின்னதை எடுத்தான்.

கடையில் சைக்கிளின் முன்னால் மாட்டும் பை இரண்டு இருந்தன. ஒன்றில் இரண்டு பேர் சாப்பாடு, மழைக்கோட்டு, பஞ்சர் சாமான் எல்லாம் தாராளமாகப் போகும். மற்றதில் ஒருவருக்கு வேண்டியதே முக்கித்தான் போகும்.

“மலை ஏறுறதுக்குப் பெருசுதான் தோதுங்க” என்றார் கடைக்காரர்.

அவன் காதில் விழாதவன்போல் சின்னதற்குப் பில் போடச் சொன்னான்.

விடிந்தால் மனைவி அமுதினி பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் சைக்கிளில் கிளம்புகிறாள். குழுவில் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிச்சம் அவளோடு வேலை பார்க்கும் செல்வின் மட்டும்.

இவனும் அவளோடு ஓட்டிப் பார்த்தவன்தான். இரண்டாவது வாரமே முழங்கால் கும்பிடு போட்டுவிட்டது.

போன முறை அவள் நாலு வாழைப்பழம் எடுத்துப் போனாள். இரண்டுக்கு மேல் அவள் தின்ன மாட்டாள்.

கட்டிய கணவனை இதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘என்னங்க’தான். அங்கே மட்டும் வாய்க்கு வாய் செல்வின்.

மரியாதை இவனுக்கு. பெயர் அவனுக்கு.

வயிறு எரிந்தது. அதற்கு நல்ல பெயர் தேட வேண்டியதில்லை.

ஆனால் மாட்டுவதில் குறை வைக்கவில்லை. ஹேண்டில்பாரில் இரண்டு பட்டை, கீழே ஒன்று. பிரேக் ஒயர் நசுங்காமல் விலக்கிவிட்டான். பட்டை உரசும் இடத்தில் பழைய டியூபை வெட்டிச் சுற்றினான். பிடித்து ஆட்டினான். அசையவில்லை. மறுபடி ஆட்டினான். திரும்பி வரும்போது இறக்கம் முழுக்கக் கொண்டை ஊசி வளைவு. பை ஆடினால் அவள் ஆடுவாள்.

காலையில் அவள் அடுக்க ஆரம்பித்தாள். பஞ்சர் சாமான். கடலை மிட்டாய். நாலு பழம்.

ஜிப் பாதியில் நின்றது.

“இத்துனூண்டா இருக்குதுங்களே?”

“எதிர்காத்துக்கு இதுதான் நல்லது.”

அவள் இரண்டு பழத்தை வெளியே எடுத்து மேஜையில் வைத்தாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டான்.

மழைக்கோட்டு அப்போதும் உள்ளே போகவில்லை. மடித்துப் பார்த்தாள். சுருட்டி முழங்கையால் அமுக்கினாள்.

வாசலில் சைக்கிள் மணி.

செல்வின் ஒரு காலை ஊன்றி நின்றிருந்தான். அவன் சைக்கிளின் முன்னால், கடையில் இவன் வேண்டாமென்று விட்டுவந்த அதே பெரிய பை.

“இங்க குடு அமுதினி. இதுல எடம் கெடக்குது.”

கொடுத்தாள். செல்வின் அதைத் தன் பைக்குள் வைத்து மூடினான்.

வினையை விலைக்கு வாங்குவது என்பார்கள். இவன் பில்லோடு வாங்கியிருந்தான்.

“வர்றனுங்க” என்றாள்.

தலையை ஆட்டினான்.

இரண்டு சைக்கிளும் தெருமுனையில் திரும்பின. அவன் மாட்டிய பை இம்மியும் ஆடவில்லை.

இப்போது அவர்கள் பிரிந்து ஓட்ட முடியாது. எங்கே நனைந்தாலும், மழைக்கோட்டுக்குச் செல்வின் அருகே போய்த்தான் அவள் கை நீட்ட வேண்டும்.

மலைப் பக்கம் பார்த்தான். ஆழியாறுக்கு மேலே கறுத்துக் கிடந்தது. ஒரு மாதமாக ஊரே மழைக்கு ஏங்கிக்கொண்டிருக்கிறது.

உள்ளே போய், மேஜையில் கிடந்த பழத்தில் ஒன்றை உரித்துக்கொண்டு மறுபடி வாசலுக்கு வந்தான்.

முதல் சொட்டு அவன் கையில் விழுந்தது.