அரைப்பேர் துரையின் உல்லாசப் பயணம்

மாதா மேல் ஆணையாக, இதில் ஒரு சொல் கூட்டியதுமில்லை, கழித்ததுமில்லை.

அப்புத்தளைக்குக் கீழே, ஜீவராணியின் தேத்தண்ணிக் கடை வளைவில் வாடகைக்கு எடுத்த வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. தானே ஓட்டிக்கொண்டு, ஆற அமர மலைநாட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர் இறங்கினார். ஜீவராணி பெஞ்சைத் துடைத்துப் போட்டு, "வாங்க தொரை, நல்லாச் சுத்திப் பாத்துட்டுப் போங்க" என்று கைகூப்பினாள்.

அவருக்கு அவளைத் தெரியவில்லை. அவளுக்கு அவரைத் தெரிந்தது. அவள் கொழுந்து பறித்த தேயிலைத் தோட்டத்தின் துரை. ஓய்வுபெற்றுப் போய் எத்தனையோ வருஷமாகியும் அதே முகம், அதே காக்கிக் காற்சட்டை, தலையில் புதிதாக ஒரு நரைகூட இல்லை. கொழும்புத் தண்ணீர் ஒத்துக்கொண்டது போல என்று நினைத்துக்கொண்டாள்.

தோட்டத்தில் அவருக்கு வைத்த பெயர் அரைப்பேர் துரை. கொழுந்து நிறுக்கும்போது தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, இலையில் தண்ணி என்று கொஞ்சம், சாக்குக்கு என்று கொஞ்சம், முற்றின இலைக்கு என்று கொஞ்சம் கழிப்பார். மிஞ்சியது போதாது என்று அரைநாள் கூலி போடுவார். அதுதான் அரைப்பேர்.

மகள் கேஷானி கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை வந்த மாதம் ஜீவராணி மழையென்றும் பாராமல் பறித்தாள். மாதம் முழுக்க அரைப்பேர்தான். பக்கத்து லயத்து வீட்டுப் பிள்ளையின் கவுனை இரவல் வாங்கி, முழங்கால் தெரியத் தெரியக் கேஷானி பீடத்துக்கு நடந்தாள். அன்றிலிருந்து ஜீவராணிக்கு ஒரே வெறி. தன் கொழுந்து எடை முழுநாள் கூலிக்கு, முழுப்பேருக்கு நின்றது என்று அந்த வாயே சொல்ல வேண்டும்.

துரை கேட்ட தேத்தண்ணி வந்தது. பாதிக் கோப்பை.

"மீதி எங்க?"

"தண்ணிக்குக் கழிச்சிட்டேங்க."

பகிடி என்று எண்ணிச் சிரித்துவிட்டுக் காரை எடுத்தார். ஜீவராணி போனை எடுத்தாள். கார் தெமோதரை போய்ச் சேருமுன் செய்தி ஊவா மாகாணம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் எந்தக் கடையில், எந்தக் கேட்டில் பார்த்தாலும் கொழுந்து பறித்தவள் பெற்ற பிள்ளைதானே நிற்கிறது.

தெமோதரையில் ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் பிடிக்க இறங்கினார். எட்டு வளைவுதான் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினார். "ஒண்ணு சாக்குக்குப் போயிருச்சு சேர்" என்றாள் மாங்காய் விற்ற மர்லியா, வெட்டுகிற கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தங்கப் போன விடுதியில் மெத்தை அவருடைய முழங்காலோடு முடிந்தது. துன்ஹிந்தையில் அருவி பாதி உயரம் வரைக்கும் ஒழுங்காக விழுந்து, அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது. கீழே பாறையில் ஒரு ஓணான் வெயில் காய்ந்தது. மீதி ஈரத்துக்குக் கழிவு என்று காவல்காரர் தொப்பியைத் தூக்கி மரியாதையாகவே சொன்னார்.

பசறை தாண்டி மொனராகலைக்கு இறங்குகிற வழியில் ஒரு மயில் தோகையை வலதுபக்கம் மட்டும் விரித்துக் காட்டிவிட்டு நடையைக் கட்டியது. புத்தலைக் காட்டுப்பாதையில் யானை மறித்தது. பழம் கொடுத்தால் வழிவிடுகிற யானைதான். அன்றைக்குப் பழத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. காரைத் தும்பிக்கையால் சுற்றித் தூக்கி, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, நிதானமாக நிறுத்துப் பார்த்தது. பிறகு முற்றின இலைக்கென்று ஒரு கதவைக் கழித்துக்கொண்டு காரைப் பூப்போல இறக்கி வைத்தது. யானைக்குத் தான் போன் பண்ணவில்லை என்று ஜீவராணி இன்றைக்கும் அடித்துச் சொல்கிறாள்.

வெல்லவாய, கொஸ்லந்தை வழியாக மூன்று கதவுக் கார் திரும்ப மலை ஏறி வந்தது. துரை கடைப் பெஞ்சில் வந்து விழுந்தார். பயணம் முழுக்க ஒரு வாய்ச் சோறு முழுசாக இல்லை, ஒரு தூக்கம் முழுசாக இல்லை. ஒரே ஒரு முழுக் கோப்பை தேத்தண்ணி தரச்சொல்லிக் கெஞ்சினார்.

ஜீவராணி கேத்தலைத் தூக்கிப் பிடித்தாள். ஆவி பறந்தது. ஊற்றவில்லை.

"கேஷானி புதுநன்மை எடுத்த மாசம் என் கொழுந்து எதுக்கு நின்னுச்சுங்க? அதச் சொல்லுங்க, ஊத்துறேன்."

அப்போதுதான் துரை அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. வளைவில் பண்டாரவளை பஸ் நின்றிருந்தது. சன்னலுக்குச் சன்னல் தலை.

"முழுப்பேருக்கு" என்று முனகினார்.

"பின் சீட்டுக்காரங்களுக்குக் கேக்கலையாம்."

"முழுப்பேர். உனக்கு முழுப்பேர் வந்துச்சு. கழிச்சது நான்தான்."

ஜீவராணி கோப்பையை விளிம்பு தளும்ப ஊற்றினாள். துரை கையை நீட்டுமுன் தானே எடுத்து, அவரைப் பார்த்தபடி, உறிஞ்சி உறிஞ்சிப் பாதியைக் குடித்தாள். மீதியை அவர் பக்கம் தள்ளினாள்.

"குடிங்க தொரை. உங்களுக்கு அரைப்பேர்."

அந்தத் துரை ஓய்வுபெற்றுக் கொழும்புக்குப் போன வருஷமே அங்கேயே செத்துப்போனார். மலைக்குத் திரும்பி வந்ததே இல்லை.