வெள்ளிக்கிழமைக்குள்

“ஆந்திரா எல்லையை நம்ம ஊருக்கு எந்தப் பக்கம் போட்டாலும் சரி, வெள்ளிக்கிழமை வந்து பொண்ணை இட்டுக்கினு போயிடுவேன். மெட்ராஸ்ல கல்யாண வீடு, ஏகப்பட்ட வேலை. தலைவாரிப் பூ வெச்சி அனுப்பு” என்றார் மேஸ்திரி முனிரத்தினம். அவருடைய முதலாளியின் நிலத்தில்தான் செல்லியம்மாவின் குடும்பமே கூலிக்குப் போகிறது. அவள் சரியென்று தலையை ஆட்டினாள்.

கதவுக்குப் பின்னால் நின்று அவளுடைய பதின்மூன்று வயது மகள் வெங்கடலட்சுமி எல்லாவற்றையும் கேட்டாள். போன வருஷம் இப்படிப் போன பக்கத்து வீட்டுப் பெண் இன்னும் திரும்பவில்லை.

மறுநாள் விடிவதற்குள் அம்மா எழுப்பினாள். “கெளம்பு.”

“எங்கம்மா போறோம்?”

புத்தூரில் பஸ் ஏறினார்கள். திருப்பதி மலையில் இறங்கியதும் அம்மா அவளை நாவிதர் முன்னால் உட்கார வைத்தாள்.

இடுப்பைத் தொட்ட கூந்தல் மடியில் விழுந்தது. வேலைக்குப் போகிற பெண்ணுக்குப் பேன் இருக்கக் கூடாதாமே, அதற்குத்தான் போல. பெற்ற தாயே இப்படிச் செய்வாளா? வெங்கடலட்சுமி விசும்பினாள்.

வெள்ளிக்கிழமை மேஸ்திரி வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்னாம்மா இது! மொட்டத் தலையைக் கல்யாண வீட்டுக்குள்ள எப்படி இட்டுக்கினு போறது?”

“வேண்டுதலுங்க. சாமி காரியத்தைத் தள்ளிப்போடலாமா?”

சாமியை எதிர்த்துப் பேச அவருக்குத் துணிவில்லை. “முடி வளரட்டும், வர்றேன்” என்று கிளம்பினார்.

அவர் தலை மறைந்த பிறகுதான் செல்லியம்மா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“முடி வளந்தா திரும்ப வருவாரேம்மா?”

“வளரட்டும். ஏழுமலையான் எங்க போயிடப் போறாரு?”