கேட்ச்சை விட்டவன் யார்?

இரண்டாம் உலகப் போர். பெல்ஜியத்துக் காட்டில், பனி கொட்டும் பாதையில் ஜீப்பை மறித்தான் அமெரிக்கக் காவல் சிப்பாய். துப்பாக்கி நேராக டிரைவர் எல்டனின் நெஞ்சைப் பார்த்தது.

"இன்னைக்கு அடையாளச் சொல் என்ன?"

"விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டோம்பா. தெரியாது."

"நம்ம யூனிஃபார்மை மாட்டிக்கிட்டு ஜெர்மன்காரன் சுத்தறான். நேத்துகூட சில பேர் பிடிபட்டானுங்க. சரி, பேஸ்பால்ல ஒரு கேள்வி. நம்மாளா இருந்தா பதில் தெரியும். நாற்பத்தொண்ணு ஃபைனல்ல, கையில விழுந்த கேட்ச்சை விட்டு எங்க ஹார்லன்பர்க் டீமைக் கவுத்தவன் எவன்?"

எல்டனுக்கு பேஸ்பால் என்றாலே ஆகாது. பக்கத்தில் இருந்த சார்ஜெண்டைப் பார்த்தான். காலையில் ஜீப்பில் ஏறியவர், இதுவரை பெயரைக்கூடச் சொல்லவில்லை. அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்திருந்தது.

"சொல்லுங்க சார், சுட்டுடுவான்!"

அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். எல்டன் மெல்ல விலகி உட்கார்ந்தான். ஜெர்மன்காரனையா இவ்வளவு தூரம் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டி வந்தோம்?

சிப்பாயின் விரல் விசைக்குப் போனது. "கடைசியா கேக்கறேன். எவன்?"

"ரெய்னிக்," என்றார் சார்ஜெண்ட், தலையைக் குனிந்தபடி.

"அவனேதான்!" துப்பாக்கி இறங்கியது. எல்டனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கோவிச்சுக்காதீங்க சார். கழுத்துல இருக்கற பேர்த் தகட்டை மட்டும் காட்டிட்டுக் கிளம்புங்க."

சார்ஜெண்ட் தயங்கித் தயங்கிச் சங்கிலியை வெளியே இழுத்தார். சிப்பாய் குனிந்து பெயரை வாசித்தான்: ஓட்டோ ரெய்னிக்.

இறங்கிய துப்பாக்கி மறுபடி எழுந்தது.

"அடப்பாவி, நீயா? இதுக்கு நீ ஜெர்மன்காரனாவே இருந்திருக்கலாம்!"