அரை வரி முன்னால்

மாசிலாமணி இன்றைக்கும் முந்திக்கொண்டார். பாடகர் குழு அடுத்த அடியைத் தொடுமுன்பே, முதல் பெஞ்சிலிருந்து அவருடைய கரகரத்த குரல் அந்த அடிக்குள் நுழைந்துவிட்டது.

ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்திருந்த ஹெப்சிபாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ரயில்வேயில் ஓய்வு பெற்ற மனுஷனுக்கு இப்போது எந்த ரயிலைப் பிடிக்க இத்தனை அவசரம்?

லோதி ரோடு குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஞாயிறு சாயங்காலம் மட்டும் இரவலாகக் கிடைத்த கிறிஸ்தவக் கோயில் அது. சொந்த ஊரான நாசரேத்தில் கேட்டு வளர்ந்த கீர்த்தனைகளை அதே சுத்தத்தோடு டெல்லியிலும் கேட்டுவிட வேண்டும் என்பது ஹெப்சிபாவின் பிடிவாதம். அதற்காகவே மகள் ஷீலாவையும் இன்னும் மூன்று பெண்களையும் சேர்த்துக் குழு அமைத்திருந்தாள்.

நாலும் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். அவள் முதுகுக்குப் பின்னால் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு பாடினால் தேனாக இருக்கும். அந்தத் தேனில்தான் கிழவர் வாராவாரம் மண்ணை அள்ளிப் போட்டார்.

ஆராதனை முடிந்ததும் சபைப் போதகரான ஐயரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயரே, இனி அவரு வாயத் தொறந்தா நான் ஆர்மோனியத்தத் தொட மாட்டேன்."

"கோவப்படாதீங்கம்மா. அவரும் ஆண்டவரத்தான பாடுதாரு?"

"ஆண்டவருக்குப் பொறுமை உண்டு. எனக்குக் கெடையாது. நாராசமா இருக்கு."

ஐயருக்கு அலுத்துப்போயிற்று. ஒருத்தருக்கு டோலக் ஆகாது, ஒருத்தருக்குக் கைத்தட்டல் ஆகாது, இன்னொருத்தருக்குப் பிரசங்கம் நீளம்.

"எல்லாரும் அவங்கவங்க காதுக்குத்தான் ஆராதனை கேக்கீக" என்று முணுமுணுத்தபடியே மாசிலாமணியிடம் போனார்.

இனிப் பாட வேண்டாம் என்றதைக் கிழவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஷீலா நின்ற பக்கம் ஒருதரம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர், மப்ளரை இழுத்துச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. கோயில் கொள்ளாத கூட்டம். மாசிலாமணி கடைசி பெஞ்சில் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஐயர் கீர்த்தனையை அறிவித்தார். ஹெப்சிபா உற்சாகமாகச் சுதி பிடித்தாள். எல்லாருக்கும் மனப்பாடமான பல்லவி கணீரென்று எழுந்தது. முந்துவாரில்லை, இடறுவாரில்லை. அவளுக்குக் கண் நிறைந்தது.

முதல் சரணம் வந்தது. பின்னாலிருந்து ஒரு குரலும் வரவில்லை.

மறுபடி ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டினாள். அப்போதும் சத்தமில்லை. குழு எடுத்துக் கொடுக்கட்டும் என்று சபையும் காத்திருந்தது. யாரோ கமுக்கமாகச் சிரித்தார்கள்.

ஹெப்சிபா முகம் கன்றத் திரும்பினாள். நாலு பிள்ளைகளும் விரித்த புத்தகத்தோடு சிலைபோல நின்றார்கள்.

"என்னட்டி ஆச்சு? புத்தகம் கையிலதான இருக்கு, பாடுங்களேன்!"

ஷீலாவின் கண்கள் கடைசி பெஞ்சைத் தேடின.

"அங்கிளை ஜல்தி கூப்பிடுங்க மம்மி. எங்க நாலு பேருக்கும் தமிழ் படிக்க வராது."