இருபத்திரண்டா, முப்பத்திரண்டா

இரண்டும் உள்ளங்கைக்குள் அடங்கின.

அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது.

பச்சை வெல்வெட் துணியில் இரண்டு கைத்துப்பாக்கிகளையும் அருகருகே வைத்தார் கடைக்காரர் பொன்னையன்.

"இது இருபத்திரண்டுங்க. குண்டு சின்னது. இது முப்பத்திரண்டு. சுட்டாக் கை கொஞ்சம் உதறும். ரெண்டுமே பேண்ட் பாக்கெட்டுல அடங்கிரும்."

சின்னதை எடுத்தான். கைபேசி அளவுக்குத்தான் கனம். கை வியர்த்து வழுக்கியது.

மில் வாசலில் தன் தலைக்கு மேல் அரிவாள் ஓங்கியதைப் பார்த்த நாளிலிருந்து எதை எடுத்தாலும் வழுக்குகிறது. அன்றைக்குக் கூலியாட்கள் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள்.

'அடுத்த தடவை பிடிக்க ஆள் இருக்காது' என்று கத்திவிட்டுப் போனான் அரிவாளோடு வந்தவன்.

"வர்ற ஆளு எப்படிங்க? ஒல்லியா, தாட்டியா?" என்றார் பொன்னையன்.

அவன் விழித்தான்.

"தாட்டியான ஆளுன்னா சின்னக் குண்டுக்கு அசையமாட்டான். மேல வந்து விழுந்துருவான். பெருசுன்னா அங்கயே சாஞ்சிருவான். அதுக்குத்தான் கேக்கறனுங்."

ஆள் எப்படி?

கண் முன்னால் ஒரு நெஞ்சு வந்து நின்றது.

அகலமில்லாத நெஞ்சு. சின்ன வயதில் மழை பிடித்தால் இழுப்பு வந்துவிடும். விடிய விடியத் தைலம் தேய்த்துவிட்டது இவன் கைதான். எந்த விலா எங்கே என்று விரல்களுக்குத் தெரியும்.

கார்வேந்தன். உடன்பிறந்த தம்பி.

அப்பா விட்டுப்போன ஒரே மில்லை இரண்டாக வெட்ட முடியவில்லை. அவ்வளவுதான் தகராறு.

"ஒல்லி" என்றான்.

"அப்பறமென்னங்க, சின்னதே போதும்."

"சுட்டா… செத்துருவானா?"

பொன்னையன் சிரித்துவிட்டார். "நல்லாக் கேட்டீங்க போங்க! சாகாத துப்பாக்கி வேணும்னா தேர்த்திருவிழாக் கடைக்குத்தான் போகோணும். பொட்டு வெடி வெச்சுத் தருவாங்க."

அவன் சிரிக்கவில்லை.

"அவன் நிக்கோணும். அதுக்கு மேல வரக்கூடாது. ஆனா விழக்கூடாது."

பொன்னையனின் சிரிப்பு அடங்கியது. முதல் தடவையாக அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். நெற்றியை. மூக்கை. மறுபடி நெற்றியை.

"போன வாரம் ஒருத்தர் வந்தாருங்க" என்றார் மெதுவாக. "உங்க ஜாடைதான். அவரும் விழக்கூடாதுன்னுதான் சொன்னாரு."

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. காற்று வரவில்லை.

"ஆளு எப்படின்னு அவருகிட்டயும் கேட்டனுங்."

"என்ன சொன்னான்?"

பொன்னையனின் பார்வை அவன் முகத்திலிருந்து இறங்கியது.

அவன் தோள்களைப் பார்த்தார். சட்டைப் பொத்தான்கள் இழுபடும் வயிற்றைப் பார்த்தார்.

பிறகு, பெரியதை அவன் பக்கம் மெல்ல நகர்த்தினார். "அவரு எடுத்தது இதுதானுங்."

இரண்டையும் உள்ளே வையுங்கள், நான் அவனிடமே போய்ப் பேசிக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தான்.

கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

தம்பியா? அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரியதின் பக்கம் கையை நீட்டினான்.