அம்மி மேல் வைக்க வேண்டிய கால்

செருப்பைக் கழற்றிய வலது கால் கலையரசியின் பேச்சைக் கேட்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் நாளெல்லாம் ஈரத்தில் நிற்கிற கால். ஜன்னல் வெயில் அதன் பெருவிரலில் விழுகிறது. மஞ்சளித்துத் தடித்த நகம் ஓரத்தில் மாவாக உதிர்கிறது. வெளியே ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோ விடாமல் ஹாரன் அடிக்கிறது. அடுத்த மாதம் கல்யாணம். இந்தக் காலைத் தூக்கி அம்மி மேல் வைத்து மெட்டி போடுகிறவன் குனிந்து பார்ப்பானே என்றுதான் டாக்டரிடம் வந்திருக்கிறாள்.

"பூஞ்சைதாம்மா. மாத்திரை இருக்குது. ஆனா கல்யாணத்துக்குள்ள மாறாது, புது நகம் முழுசா வளர ஒரு வருஷம்கூட ஆகும்," என்கிறார் அவர். "முன்னாடி மஞ்சக்காமாலை வந்துச்சா? இது கல்லீரலைப் பாதிக்கிற மாத்திரை."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்." பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா முந்திக்கொள்கிறாள். மூலையில் ஊசிகளை அடுக்கும் நர்ஸ் மாப்பிள்ளைக்குச் சித்தி. பெண் பார்க்க வந்த அன்று காமாலையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

மேஜைக்கடியில் அம்மாவின் விரல்கள் கலையரசியின் முழங்காலை அழுத்துகின்றன. ஆட்டம் நிற்கிறது. டாக்டரின் பேனா சீட்டில் இறங்குகிறது.

"வந்துச்சு சார்," என்கிறாள் கலையரசி. "போன வருஷம். ஒரு மாசம் படுத்துக்கினு இருந்தேன்."

பேனா நிற்கிறது. "அப்ப முதல்ல ரத்தம் பார்த்துடலாம். அதுக்கப்புறம்தான் மாத்திரை."

"எங்களாண்ட சொல்லவே இல்லியேக்கா," என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லியபடி நர்ஸ் ஊசியோடு வருகிறாள். முகத்தில் கோபமா, சிரிப்பா, தெரியவில்லை. "கைய நீட்டுமா."

கலையரசி நீட்டுகிறாள். கீழே கால் மறுபடி ஆடத் தொடங்குகிறது.